பேட்டன்ட் எடுக்கக் கொழும்புக்கு பஸ் ஏறுவதற்கு முன்

முதலில் வாயை மூடிக்கொள்ளுங்கள். கோபிக்க வேண்டாம், இதைவிட மரியாதையாகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. நம் பக்கத்தில் ஒரு பிள்ளை ஏதாவது செய்து முடித்தால் அன்று மாலையே அது ஃபேஸ்புக்கில் இருக்கும். மறுநாள் டவுனில் இருக்கும் லேத்துக்காரருக்கு அளவு முதற்கொண்டு தெரிந்திருக்கும். அப்புறம்தான் "சேர், இதைப் பேட்டன்ட் பண்ணலாமா?" என்று என்னிடம் வருவார்கள். பேட்டன்ட் என்றால், உங்கள் கண்டுபிடிப்பைக் குறிப்பிட்ட காலத்துக்கு வேறொருவர் செய்து விற்காமல் தடுக்கும் உரிமை. சட்டத் தமிழில் ஆக்கவுரிமை.

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு பாடசாலையில் உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவுக்குப் படிப்பிக்கிறேன். என்னிடம் வருவது பிள்ளைகள் மட்டுமல்ல. அவர்களுடைய அப்பாமார், மாமாமார், தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், மெஷின் பார்க்கிற பிட்டர்மார் எல்லோரும் வருவார்கள். நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பங்களுக்குப் படம் வரைந்து கொடுத்து, விவரணம் எழுத உதவி செய்து பழகியவன். அந்தப் பழக்கத்தில் தெரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்தச் சட்டம் என்பதை முதலில் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது நடப்பில் இருப்பது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதற்கு முன்பு இருந்தது 1979 ஆம் ஆண்டின் 52 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டக்கோவை. பழைய கருத்தரங்குக் குறிப்புகளும் கைமாறி வரும் போட்டோ கொப்பிகளும் இன்னும் 1979 இலேயே நிற்கின்றன. 2022 இலும் ஒரு திருத்தம் வந்தது. அது புவிசார் குறியீடுகளைப் பதிவு செய்வதைப் பற்றியது. கறுவா, தேயிலை போன்ற ஊர்ப்பெயரோடு விற்கும் பொருட்களுக்கு அது பெரிய விஷயம்தான், உங்கள் மெஷினுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. கட்டணங்கள் வேறு அவ்வப்போது வர்த்தமானியில் மாறும். அதனால் "எங்கள் அண்ணன் கட்டினது இவ்வளவு" என்ற கணக்கை நம்பிப் பஸ் ஏறாதீர்கள். புறப்படும் வாரத்தில் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் இணையதளத்தைத் திறந்து, அன்றைய படிவத்தையும் அன்றைய கட்டணத்தையும் பாருங்கள்.

வாயை மூடச் சொன்னதற்குக் காரணம் சட்டத்தின் 64 ஆம் பிரிவு. கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும். புதியது என்றால் ஹட்டனுக்குப் புதியது, இலங்கைக்குப் புதியது என்று அர்த்தமில்லை. உலகத்தில் எங்கேயும் அச்சிலோ, வாய்ப்பேச்சிலோ, பாவனையிலோ ஏற்கெனவே வெளிவந்திருக்கக் கூடாது. நீங்களே வெளியிட்டிருந்தால் நம் சட்டம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. விண்ணப்பத்துக்கு முந்திய ஓர் ஆண்டுக்குள் நீங்களே வெளிப்படுத்தியதைக் கணக்கில் எடுக்காது. இதைக் கேட்டதும் பலருக்கு மூச்சு வரும். ஆனால் ஐரோப்பாவில் இப்படிப்பட்ட பொதுச் சலுகை கிடையாது. இந்தியாவிலும் குறிப்பிட்ட சில கண்காட்சிகள், கல்விச் சங்கக் கட்டுரைகள் போன்றவற்றுக்கு மட்டும்தான். கோயம்புத்தூர்க்காரர்கள் தேயிலை மெஷின் செய்கிறார்கள் என்பது ஸ்டோரில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். டிக்டொக்கில் போட்ட வீடியோ இங்கே மன்னிக்கப்படலாம், அங்கே மன்னிக்கப்படாது. ஆகவே விண்ணப்பம் போட்டு ரசீது வாங்கும்வரை வீடியோ வேண்டாம், திருவிழாக் கண்காட்சி வேண்டாம். லேத் பட்டறையில் உதிரிப்பாகம் செய்ய வேண்டியிருந்தால், முழுப் படத்தைக் கொடுக்காமல் துண்டு துண்டாகக் கொடுங்கள். முழுதாகக் கொடுத்தே ஆகவேண்டுமென்றால், வெளியே சொல்லமாட்டேன் என்று ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்குங்கள்.

இன்னொரு நம்பிக்கையும் நம்மிடையே உலாவுகிறது. படத்தைக் கவரில் போட்டு, ஒட்டி, தனக்குத்தானே பதிவுத் தபாலில் அனுப்பி, பிரிக்காமல் வைத்திருந்தால் உரிமை வந்துவிடுமாம். வராது. ஒரே விஷயத்தை இருவர் தனித்தனியாகக் கண்டுபிடித்தால், முதலில் விண்ணப்பித்தவருக்குத்தான் உரிமை. தபால் முத்திரையை யாரும் கேட்கப்போவதில்லை.

எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது? புதுமை, கண்டுபிடிப்புப் படி, கைத்தொழிலில் பயன்படும் தன்மை ஆகிய மூன்றும் வேண்டும். நடுவில் இருப்பதுதான் ஆளை விழுத்தும். அந்தத் துறையில் சாதாரண அனுபவம் உள்ள ஒருவர் "இது எனக்கும் தோன்றியிருக்குமே" என்று சொல்லக்கூடியதாக இருந்தால் அவ்வளவுதான். சில நாடுகளில் சின்னத் திருத்தங்களுக்கென்று தனியாக ஒரு சிறிய பேட்டன்ட் இருக்கிறது. நம் 2003 சட்டத்தில் அது இல்லை. கொழுந்து நிறுவையில் நேர்மையாகக் கழிவு கணக்கிடும் ஒரு முறை, பெயர் போடும் ஒழுங்கு, சம்பளக் கணக்குத் திட்டம் போன்றவை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வியாபார முறை என்று தள்ளிவிடுவார்கள். புதிய தேயிலைச் செடிக்கும் கிடையாது. நோய் தீர்க்கும் முறைக்கும் கிடையாது, ஆனால் அந்த முறையில் பயன்படும் பொருளுக்குக் கேட்கலாம்.

பாட்டி சொன்ன கஷாயத்தைக் கொண்டுவருபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரில் தலைமுறையாக நடப்பது புதுமை ஆகாது. அதே நேரம் பொன்கொரண்டி என்று நாம் சொல்லும் கொத்தலஹிம்புட்டு விஷயத்தில் வெளிநாட்டு நிறுவனங்கள் பேட்டன்ட் எடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். சாற்றைப் பிரித்து, அளவு நிர்ணயித்து, புதிய சேர்மானமாகக் காட்டினால் வழி பிறக்கிறது. மூலிகை எங்கிருந்து வந்தது, யாருடைய அறிவு என்பதை விண்ணப்பத்திலேயே சொல்லவைக்க வேண்டும் என்று 2024 மே மாதம் ஜெனீவாவில் ஓர் உடன்படிக்கையும் ஏற்கப்பட்டது. அதனால் கேட்பதற்கு முன்பே, எந்தக் காட்டில் எடுத்தது, யார் சொல்லிக் கொடுத்தது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் பழைய மாணவன் ஒருவனின் கருவியை வைத்தே மிச்சத்தைச் சொல்கிறேன். அவன் விண்ணப்பம் போட்டாகிவிட்டது. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், இல்லாவிட்டால் மேலே சொன்ன உபதேசத்துக்கு அர்த்தமில்லை. அவன் ஒரு ஸ்டோரில் பிட்டர். தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி தீட்டுவதற்கு ஒரு சட்டகம் செய்தான். கவ்வாத்துக்காரர்களுக்குத் தெரியும், கத்தி வளைந்தது, தீட்டத் தீட்டத் தேய்ந்து ஒவ்வொரு கத்தியின் வளைவும் ஒவ்வொரு விதமாகிவிடும். கை கொஞ்சம் சாய்ந்தால் முனை மொட்டையாகிவிடும். மொட்டைக் கத்தியால் வெட்டினால் கிளை பிளக்கும், செடி கெடும். இவன் சைக்கிள் செயினை அந்தந்தக் கத்தியின் வளைவுக்கு வளைத்துப் பூட்டி, அதன்மேல் தீட்டுக்கல் ஓடும்படி வைத்தான். எந்தக் கத்தியைப் போட்டாலும் கோணம் மாறாது.

அழகான வேலை. ஆனால் நான் கேட்ட முதல் கேள்வி இது யாருடையது என்பதுதான். அவன் முகம் சுருங்கிவிட்டது.

சட்டத்தின் 69 ஆம் பிரிவைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். கண்டுபிடிப்பதே உங்கள் வேலை ஒப்பந்தத்தில் உள்ள கடமை என்றால், வேறு ஒழுங்கு எழுதப்படாதவரை உரிமை முதலாளிக்கு. உங்கள் வேலை அது இல்லை, ஆனால் முதலாளியின் தொழில் துறையிலேயே, வேலையால் கிடைத்த தகவலையோ சாதனங்களையோ வைத்துக் கண்டுபிடித்தீர்கள் என்றால் அப்போதும் உரிமை அவர் பக்கம் சாயும், உங்களுக்கு நியாயமான ஊதியம் கேட்கும் உரிமை இருக்கும். இவனுடைய கதையில் கத்தி தோட்டத் தொழிலைச் சேர்ந்தது. செயின் வீட்டுப் பழைய சைக்கிளுடையது. வெல்டிங் அடித்ததோ ஸ்டோர் பட்டறையில், வேலை முடிந்த பிறகு. அந்த இரண்டு வெல்டிங் பொட்டு போதும், பிறகு யாராவது பிடித்துக்கொள்ள.

என்ன செய்வது? மறைத்து விண்ணப்பிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பொருள் ஓடாதவரை ஒருவரும் கேட்கமாட்டார்கள், ஓடத் தொடங்கிய அன்றுதான் கேள்வி வரும். பெரிய தொரையிடம், அதாவது தோட்ட மனேஜரிடம், போனால் வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. ஆனாலும் ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுக்கலாம்: இதை என் சொந்த நேரத்தில் செய்தேன், தோட்டம் இதற்கு உரிமை கோரவில்லை என்று எழுதித் தந்தால், தோட்டம் காசு கொடுக்காமல் பாவித்துக்கொள்ளலாம். கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கடிதத்தில் எழுத வேண்டாம். இவனுக்கு அப்படி ஒரு கடிதம் கிடைத்தது. கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சட்டத்தரணியைப் பார்க்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு வழி சுலபம்: பட்டறையைத் தொடாதீர்கள், வீட்டிலோ பாடசாலையிலோ பிரதேச செயலகத்தை அண்டிய, தொழில்நுட்ப உதவி தரும் விதாதா வள நிலையத்திலோ உதவி கேளுங்கள். கொப்பி ஒன்றில் திகதி போட்டு ஒவ்வொரு கட்டத்தையும் எழுதுங்கள், சாமான் வாங்கிய பில்லையும் ஒட்டுங்கள்.

அடுத்து தேடல்: இதே மாதிரி ஒன்று உலகத்தில் ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று பார்ப்பது. இதற்குக் காசு வேண்டாம், டேட்டா இருந்தால் போதும். எஸ்பாசனெட், கூகுள் பேட்டன்ட்ஸ், பேட்டன்ட்ஸ்கோப் என்ற பேட்டன்ட் தேடும் இணையதளங்கள் மூன்றும் இலவசம். ஆங்கிலத்தில் தேட வேண்டியிருக்கும், சொற்களை ஆசிரியரிடமோ படிக்கிற தங்கச்சியிடமோ கேட்டு வாங்குங்கள். வெறும் பெயரைப் போட்டுத் தேடினால் குப்பையாக வரும். பேட்டன்ட்களைப் பொருள்வாரியாகப் பிரித்து வைத்திருக்கும் வகைப்பாட்டு இலக்கத்தைப் போட்டுத் தேடுங்கள். கொழுந்து பறிக்கும் கருவிகள் எல்லாம் ஏ01டி 46/04 (A01D 46/04) என்ற இலக்கத்தின் கீழ் வரிசையாக நிற்கும். கொழுந்து அரைக்கும், நறுக்கும் இயந்திரங்கள் ஏ23எஃப் 3/12 (A23F 3/12) இல் கிடக்கும். அந்த இலக்கங்களை ஆங்கில எழுத்தில் அடித்தால்தான் வேலை செய்யும்.

இந்தத் தேடலில் இன்னொரு லாபமும் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. இலங்கையில் ஓர் ஆக்கவுரிமையின் ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. முடிந்துபோனவை எல்லாம் ஊர்ச் சொத்து. அதோடு ஆக்கவுரிமை நாட்டுக்கு நாடு தனி. ஜப்பானில் மட்டும் பதிந்து இங்கே பதியாமல் விட்ட ஒரு கொழுந்து பறிக்கும் கருவியை நீங்கள் இங்கே செய்து இங்கே விற்பதை அந்த ஜப்பான் பதிவு தடுக்காது. பழைய ஸ்டோர்களில் இன்னும் சிரோக்கோ என்ற பெயர் வார்த்த இரும்பைப் பார்க்கலாம். பெல்ஃபாஸ்டில் சாமுவேல் டேவிட்சன் செய்த உலர்த்திகள் அவை. அந்தக் காலத்துப் படங்களை எடுத்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. பேட்டன்ட் எடுக்க வந்து, தேடிப் பார்த்து, எடுக்காமலே நல்ல தொழில் தொடங்கினவர்களும் உண்டு.

மாணவனின் தேடலில் சமையலறைக் கத்திக்கு ஒரே கோணத்தில் கல்லைப் பிடிக்கும் கருவிகள் நிறைய வந்தன. "அப்போ முடிஞ்சுதா சேர்?" என்றான். முடியவில்லை. அவை எல்லாம் நேரான அலகுக்கு. தேய்ந்து மாறும் வளைவுக்கு ஏற்ப வழிகாட்டியை மாற்றிப் பூட்டுவது அவற்றில் இல்லை. அவனுடைய கண்டுபிடிப்பு எது என்று அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

இனி எழுத்து. விண்ணப்பத்தில் வேண்டுகோள் படிவம், விவரணம், உரிமைக்கோரல்கள், தேவையான படங்கள், சுருக்கம் ஆகியவை இருக்க வேண்டும். விவரணத்தை இன்னொரு பிட்டர் படித்துப் பார்த்துச் செய்யக்கூடிய அளவுக்கு எழுதுங்கள், ரகசியம் ஒளிக்காதீர்கள். சொல்லிக் கொடுப்பதற்குக் கூலியாகத்தான் 20 ஆண்டு தருகிறார்கள். படத்துக்குப் போட்டோ வேண்டாம். வெள்ளை ஏ4 தாளில் கறுப்புக் கோடு, ஒவ்வொரு பாகத்துக்கும் இலக்கம், அதே இலக்கம் விவரணத்திலும். சுருக்கத்தை அரை மணித்தியாலத்தில் முடித்துவிடலாம்.

உயிர் இருப்பது உரிமைக்கோரலில். ஏழு பேர்ச் காணிக்கு உறுதி எழுதும்போது வடக்கே எது, கிழக்கே எது என்று எல்லை போடுவது போலத்தான் இதுவும். எல்லைக்குள் வராதது உங்களுடையது இல்லை, விவரணத்தில் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் சரி. மாணவன் முதலில் எழுதிக் கொண்டுவந்தது இது:

"14 அங்குலத் தேக்குப் பலகையில் இரண்டு போல்ட்டால் பூட்டிய சைக்கிள் செயின் மீது ஓடும் தீட்டுக்கல் உள்ள கவ்வாத்துக் கத்தி தீட்டும் கருவி."

இதைப் பதிந்திருந்தால், இன்னொருவர் இரும்புத் தகட்டில் மோட்டார்சைக்கிள் செயின் போட்டு மறுநாளே விற்பார், கேட்க வழியில்லை. எழுதி அடித்து எழுதி அடித்துக் கடைசியில் நின்றது:

"வளைந்த அலகுள்ள வெட்டுக்கருவியைத் தீட்டும் சாதனம், அலகை அசையாமல் பிடிக்கும் தாங்கி, அலகின் வளைவுக்கு ஏற்ப மாற்றியமைத்துப் பூட்டக்கூடிய வழிகாட்டி, அவ்வழிகாட்டியின் மீது நகர்ந்தபடி தீட்டுக்கல்லை அலகுக்கு மாறாத கோணத்தில் வைத்திருக்கும் பிடி ஆகியவற்றைக் கொண்டது."

பலகை போய்விட்டது, அளவு போய்விட்டது, தேக்கு போய்விட்டது. புல் வெட்டும் அரிவாளும் உள்ளே வந்துவிட்டது. "மாற்றியமைத்துப் பூட்டக்கூடிய" என்ற இரண்டு சொல்லைத் தேடல்தான் கொடுத்தது. அது இல்லாவிட்டால் சமையலறைக் கருவிகளோடு மோதியிருக்கும். செயினை விட்டுவிடவும் இல்லை. "1 ஆம் கோரலில் சொன்ன சாதனம், அதில் வழிகாட்டி இணைப்புச் சங்கிலியாலானது" என்று 2 ஆம் கோரலாக வைத்தோம். பெரிய எல்லை விழுந்தாலும் சின்ன எல்லை நிற்கட்டும் என்பதற்காக. யோசிப்பதைத் தமிழிலேயே யோசியுங்கள், கடைசி வடிவத்தைப் பதிவு பெற்ற முகவர் ஒருவரிடம் காட்டுங்கள். மொத்தச் செலவில் எங்கேயாவது காசு விடுவதென்றால் இங்கே விடுங்கள். "உலகப் பேட்டன்ட் எடுத்துத் தருகிறேன்" என்று சொல்பவரிடம் மட்டும் விடாதீர்கள். அப்படி ஒன்று கிடையாது.

அலுவலகம் கொழும்பு 10, டி.ஆர். விஜேவர்தன மாவத்தை, 400 ஆம் இலக்கத்தில் உள்ள சமாகம் மெதுர கட்டடத்தின் மூன்றாம் மாடியில். விண்ணப்பத்தோடு தேடல் விஷயத்தையும் முடிவு செய்ய வேண்டும். சர்வதேசத் தேடல் அலுவலகம் ஒன்று தேடித் தரும் "சர்வதேச வகைத் தேடல் அறிக்கை" ஒன்றைக் கொடுக்கலாம், அல்லது கட்டணம் கட்டி உள்ளூர்ப் பரிசோதகருக்கு அனுப்பும்படி கேட்கலாம். நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டாவதுதான் கட்டுபடியாகும். செலவு தாங்காதவர்கள் இலங்கைப் புத்தாக்குநர் ஆணைக்குழுவிடம் முதலில் பேசுங்கள். பாடசாலைகளில் புத்தாக்கக் கழகங்களை நடத்துவதும் சஹசக் நிமவும் போட்டியை நடத்துவதும் அவர்கள்தான். போட்டிக்குக் கொடுப்பதென்றால் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுக் கொடுங்கள்.

ரசீதில் உள்ள இலக்கத்தையும் திகதியையும் அலமாரிக்குள் ஒட்டி வையுங்கள். அந்தத் திகதியிலிருந்து 12 மாதத்துக்குள் வேறு நாடுகளில் போட்டால், அங்கேயும் முதல் நாளில் போட்டதாகவே கணக்கு. அதே 12 மாதத்துக்குள் பேட்டன்ட் ஒத்துழைப்பு உடன்படிக்கை (PCT) வழியாகச் சர்வதேச விண்ணப்பம் ஒன்றைப் போடவும் முடியும். இலங்கை அதில் 1982 இலிருந்தே இருக்கிறது. நாடு நாடாகப் போய்ச் செலவழிப்பதை அப்படி முதல் திகதியிலிருந்து 30 மாதம் வரை தள்ளிப்போடலாம், இந்தியாவுக்கு 31. இந்தியாவைக் குறிவைப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: விண்ணப்பத்தைப் பரிசோதிக்கும்படி அலுவலகத்தைக் கேட்க அங்கே முன்பு 48 மாதம் இருந்தது, 2024 மார்ச்சில் விதி மாறி 31 மாதமாகிவிட்டது. பழைய கணக்கோடு இருந்தால் போச்சு.

படிவத்தில் சாதாரணமாகத் தோன்றும் ஒரு கட்டம் கடித முகவரி. லயத்து முகவரியை, அதாவது தோட்டக் குடியிருப்பு முகவரியை, எழுதாதீர்கள். தோட்டத்துக்கு வரும் கடிதம் ஆபீசுக்குப் போய், அங்கே கிடந்து, யார் கையிலோ ஏறி இறங்கி வீட்டுக்கு வரும். வேலை நேர்முகக் கடிதங்கள் நாள் கடந்து வந்ததைப் பார்க்காத குடும்பம் இங்கே இல்லை. பரிசோதகர் கேள்வி கேட்டு அனுப்பும் கடிதத்துக்குப் பதில் நாள் இருக்கிறது. அது தவறினால் விண்ணப்பமே போகலாம். டவுனில் நம்பிக்கையான கடை, பாடசாலை, முகவர், யாருடைய முகவரியாவது கேட்டுப் போடுங்கள், மின்னஞ்சலையும் சேர்த்து. கிடைத்த பிறகும் வருடாந்தக் கட்டணம் இருக்கிறது, கட்டாவிட்டால் உரிமை இறந்துபோகும். அந்த நாளை ஃபோனில் போட்டு வையுங்கள், வீட்டில் இன்னொருவர் ஃபோனிலும் போடுங்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு, உங்கள் பொருளில் புதிதாக இருப்பது அதன் தோற்றம் மட்டும்தான் என்று தெரிந்தால், கைத்தொழில் வடிவமைப்பாகப் பதியுங்கள். ஐந்து ஆண்டு, இரண்டு தடவை புதுப்பித்து 15 ஆண்டு வரை போகும், வேலையும் குறைவு. ஒரு பட்டறைக்காரர் "நான் செய்து விற்கிறேன், உனக்கும் ஏதாவது தருகிறேன்" என்று வந்தால், ஒன்றுக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டு, வேறு யாருக்கும் கொடுக்கலாமா, கணக்கை எப்போது காட்டுவார் என்பதை எழுத்தில் போட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். முன்பணம் கையில் வராமல் படத்தின் மூலப்பிரதியைக் கொடுக்க வேண்டாம்.